ஏழு மாடும் ஒரு கொப்பியும்

2023 சித்திரை வருடப்பிறப்பு முடிந்து நாலாம் நாள். காலையில் கொண்டுபோன 24 லீற்றர் பாலும் கேனோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. பால் எடுக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடிக் குழாயில் என் பாலையும் அல்ககோலையும் சம அளவில் விட்டுக் குலுக்கினார்கள். குழாயின் சுவரில் வெள்ளை வெள்ளையாகத் துகள் ஒட்டியது. "திரையுது அக்கா, எடுக்க ஏலாது" என்றார் அங்கு வேலை செய்யும் தம்பி. அவர் செய்தது சரி. அந்தப் பாலைக் காய்ச்சினால் திரைந்து போகக்கூடும்.

எனக்கு வலித்தது வேறு. ஐந்து மாடு கறந்து ஒரே கேனில் ஊற்றியிருக்கிறேன். எந்த மாட்டின் பால் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லா மாடும் நன்றாகத் தின்றன. ஒன்றின் மடியும் வீங்கியிருக்கவில்லை, ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை. இரண்டு வருடமாக அந்த மாடுகளோடு காலையும் மாலையும் இருந்தும் அவற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

எங்கள் வீடு திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில், பாலம்போட்டாறுப் பக்கம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள் சுற்றிவர. மாமிக்கு முழங்கால் முடியாமல் போனதும் 2021இல் மாடுகள் என் கைக்கு வந்தன. குளிர் நாட்டு இனமான ஜேர்சிக் கலப்பு நாலு, வெயில் தாங்கும் இனமான சாகிவால் கலப்பு மூன்று, அதோடு பூரணி என்ற ஒரு நாகு, இன்னும் கன்று போடாத இளம் மாடு. சித்தப்பா வைத்திருப்பது நாட்டு மாட்டுப் பட்டி. அவர் மாடு காட்டிலும் வயல் வரம்பிலும் மேய்ந்து வளர்வது. என் மாடு கொட்டிலில் நின்று தின்பது. கொட்டில் மாட்டுக்கு எது வேண்டும் என்றாலும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும், எது பிழைத்தாலும் நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையை நான் படித்த கதை இது. படித்து முடித்தேன் என்று சொல்லவில்லை.

திரும்பி வந்த பாலோடு நேரே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் காம்பு?" நான் எந்த மாடு என்றே தெரியாமல் நிற்கிறேன். ஒரு மடிக்குள் நாலு அறை இருக்கின்றன, ஒன்றின் பால் மற்றதற்குள் போகாது, ஓர் அறை நோய்ப்பட்டு மூன்று அறை சுத்தமாக இருக்கலாம் என்று அவர் விளக்கினார். மடி அழற்சியில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். வீக்கம், சூடு, பாலில் கட்டி எல்லாம் வருவதற்கு முன்பே உள்ளுக்குள் பல நாள், சிலவேளை பல மாதம் இருக்கும். பால் மட்டும் மெல்ல மெல்லக் குறையும். அதைக் கண்டுபிடிக்க நாலு கிண்ணம் வைத்த ஒரு தட்டும் ஒரு திரவமும் இருக்கின்றன என்று எடுத்துக் காட்டினார். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. சரி, வீட்டில் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். செய்யலாம் என்றார்.

செய்தது இப்படி. ஒரு முழ நீளப் பலகைத் துண்டில் வெள்ளை நிறப் பிளாஸ்ரிக் மூடிகள் நாலை, இரண்டுக்கு இரண்டாக, சின்ன ஆணியும் பசையும் வைத்து ஒட்டினேன். முதலில் சிரட்டையில் செய்து பார்த்தேன். பால் வடிவாகத்தான் நின்றது, ஆனால் சிரட்டையின் கறுப்பில் குழம்பு தெரியவில்லை. வெள்ளை மூடியே சரி. திரவத்துக்கு உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத் தூள். கடையில் தராசில் 15 கிராம் நிறுத்து வாங்கி, அரை லீற்றர் ஆறிய கொதிநீரில் கரைத்தேன். நூற்றுக்கு மூன்று பங்கு என்பது கணக்கு. நுரை அடங்க விட்டு ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டேன்.

வேலை செய்யும் விதம் எளிது. மடி நோய்ப்பட்டால் கிருமியோடு சண்டை போட உடம்பு வெள்ளணுக்களைப் பாலுக்குள் அனுப்பும். சுகமான அறையில் ஒரு மில்லிலீற்றர் பாலில் இரண்டு இலட்சத்துக்குக் குறைவாகத்தான் அணுக்கள் இருக்கும். நோய்ப்பட்ட அறையில் அது பல மடங்கு ஏறும். சவர்க்காரம் அந்த அணுக்களை உடைக்கும். உடையும்போது உள்ளே இருக்கும் மரபுப் பொருள் வெளியே வந்து பசைபோலத் திரளும். அணு எவ்வளவு கூடவோ, குழம்பு அவ்வளவு தடிப்பு.

அடுத்த நாள் விடிய நாலரைக்குத் தொடங்கினேன். ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று பீச்சலை, கறுப்புத் துணி கட்டிய ஒரு கோப்பையில் பீச்சிப் பார்த்தேன். கறுப்பில் வெள்ளைக் கட்டி உடனே தெரியும். கட்டி எதிலும் இல்லை. பிறகு ஒரு காம்புக்கு ஒரு கிண்ணமாக இரண்டு கரண்டி அளவு பால், அதே அளவு சவர்க்காரத் தண்ணீர். பலகையைத் தரைக்குச் சமமாகப் பிடித்து, அரிசி கொழிப்பது போல மெல்லச் சுற்ற வேண்டும். கறுப்பியின் நாலு கிண்ணமும் தண்ணீர் மாதிரி ஓடின. செவலையின் இரண்டில் கொஞ்சம் கனம், சுற்றும்போது மட்டும் தெரிந்து பிறகு கரைந்தது. மயிலைக்கும் இரண்டில் அதே மாதிரி. வெள்ளச்சியின் முன் வலது கிண்ணம் நன்றாகத் தடித்தது.

கடைசியாகச் சுட்டி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்தவள், கொட்டிலில் எல்லாரையும் விடக் கூடுதலாய்ப் பால் தருபவள், காலையில் ஏழு லீற்றர். அவளுடைய பின்பக்க இரண்டு கிண்ணமும் நான் சுற்றத் தொடங்கியதுமே முட்டை வெள்ளைக்கரு மாதிரித் திரண்டு நடுவில் மேடாக எழும்பின. பலகையைச் சரித்தேன். ஊற்றுப்படவில்லை. ஒரே கட்டியாக வழுக்கி விழுந்தது. அந்தப் பால் வெளியில் பார்க்க மற்றப் பாலைப் போலத்தான் இருந்தது. அதே நிறம், அதே மணம். அவளும் புண்ணாக்கு வாளியை நக்கிக்கொண்டு நிம்மதியாக நிற்கிறாள். நான் அப்படியே கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன்.

இருபது காம்பில் 13 சுத்தம், நாலு இலேசு, மூன்று கடுமை. மகளின் பழைய கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நாலு கட்டம் கீறி, எழுதி வைத்தேன். கொப்பி தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. கன்று போட்டு முதல் ஐந்தாறு நாளும், பால் வற்றப்போகும் நாட்களிலும் இந்தச் சோதனையை நம்பக்கூடாது. அப்போது சுகமான மடியிலும் அணு கூடத்தான் இருக்கும். நான் ஒருமுறை கடும்புப் பாலில் செய்து பார்த்துவிட்டுத் தேவையில்லாமல் பயந்தேன்.

டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "எந்த வரிசையில் கறக்கிறீர்கள்? மடி எதால் துடைக்கிறீர்கள்?" சுட்டி கதவுக்குப் பக்கத்தில் நிற்பவள், பாலும் கூட, அதனால் அவளைத்தான் முதலில் கறப்பேன். வாளியில் வெந்நீரும் ஒரு துணியும் வைத்திருப்பேன். அந்த ஒரு துணியால்தான் ஐந்து மாட்டுக்கும் துடைப்பேன், துடைத்துத் துடைத்து வாளியிலேயே பிழிவேன். இதைச் சொல்லும்போதே விடை எனக்கு விளங்கிவிட்டது. சுட்டியின் கிருமியை நானே ஒவ்வொரு மடிக்கும் கொண்டுபோய்ப் பூசியிருக்கிறேன். கறுப்பிக்குத் துணி பட்டாலே உதைப்பாள், அதனால் அவளுக்குத் தண்ணீர் மட்டும் தெளித்துக் கையால் கழுவுவேன். அவள் தப்பியதற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், கையாலும் கிருமி போகும். ஆனாலும் அந்தக் கொட்டிலில் நாலு காம்பும் சுத்தமாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

மருந்து பற்றி நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். இலேசான நாலு காம்புக்கும் இப்போது அன்ரிபயோட்டிக் வேண்டாம், கறக்கும் ஒழுங்கைத் திருத்தினால் சில தானாகவே ஆறும், ஆறாததுக்குப் பால் வற்றவிடும் அன்றைக்கு மருந்து ஏற்றலாம், அப்போது பாலும் வீணாகாது மருந்தும் மடிக்குள் நாள் கணக்காய் நிற்கும் என்றார். கடுமையான மூன்றுக்கு மட்டும் காம்புக்குள் ஏற்றும் மருந்து ரியூப் தந்தார், நாளுக்கு ஒன்றாக மூன்று நாள்.

ரியூப் ஏற்றும் கை அவர் காட்டித் தந்தது. மடியை முழுக்கக் கறந்து வெறுமையாக்க வேண்டும். காம்பின் நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைக்க வேண்டும், பஞ்சில் அழுக்கு வராத வரைக்கும். துடைக்கும்போது தூரத்துக் காம்பு முதலில், கிட்டக் காம்பு பிறகு. மருந்து ஏற்றும்போது கிட்டக் காம்பு முதலில், தூரம் பிறகு. அப்படிச் செய்தால் துடைத்த காம்பில் கை முட்டாது. ரியூப்பின் மூக்கை முழுக்க உள்ளே தள்ளக்கூடாது, நுனி மட்டும் நுழைந்தால் போதும். முழுக்கத் தள்ளினால் காம்புத் துவாரத்தின் உள்வரி கிழிந்து, வெளிக் கிருமி போக வழி ஆகும். இதை அறியாமல் முன்பு ஒருமுறை கடையில் வாங்கிய ரியூப்பை அடிவரைக்கும் செருகியிருக்கிறேன்.

மருந்து நாளும், அதன் பிறகு பெட்டியில் எழுதியிருந்த நாளும் சேர்த்து ஆறு நாள் சுட்டியின் பாலையும் வெள்ளச்சியின் பாலையும் விற்கக்கூடாது. ஒரு காம்புக்குத்தான் மருந்து போட்டோம் என்று மற்ற மூன்றின் பாலைச் சேர்க்கவும் கூடாது, மருந்து இரத்தத்தோடு ஓடும். அந்தப் பாலைக் குடிக்கிற பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரித்தானே. முதல் நாள் அந்தப் பாலைக் கொட்டிலின் கழிவு ஓடும் கானுக்குள் ஊற்றினேன். அது பிழை. கான் ஓரம்தான் மாடு படுக்கும், படுத்தால் மடி அதில் தோயும். இரண்டாம் நாள் தொடக்கம் வளவின் மூலையில் கிடங்கு வெட்டி ஊற்றி, மேலே சுண்ணாம்பு தூவி மூடினேன்.

அப்புறம் மாற்றியவை: மாட்டுக்கு ஒரு துணி, பழைய சாரத்தை வெட்டிப் பத்துத் துண்டு. ஒவ்வொரு நாளும் கொதிக்க வைத்து வெயிலில் காயப்போடுவேன். கறக்கும் வரிசை கொப்பிப்படி, சுத்தமானவள் முதல், சுட்டி கடைசி. கறந்து முடிந்ததும் ஒவ்வொரு காம்பையும் அயடின் கரைத்த சின்னக் கோப்பையில் முக்கி எடுப்பேன். பச்சைப் புல்லைக் கறக்கும் முன் போடுவதை விட்டுவிட்டுக் கறந்த பிறகு போடுகிறேன். காம்பின் துவாரம் கறந்த பிறகு அரை மணி நேரமாவது திறந்திருக்கும். அந்த நேரம் மாடு நின்று தின்றால் சாணியில் படுக்காது. இதில் எனக்கு ஒரு சதமும் செலவில்லை. எல்லாவற்றிலும் கூடப் பலன் தந்தது இந்த ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

நாலு கிழமை கழித்துத் திரும்பச் சோதித்தேன். இலேசு நாலில் மூன்று சுத்தம். வெள்ளச்சியின் காம்பு சுத்தம். சுட்டியின் பின் வலது இலேசுக்கு இறங்கியிருந்தது. பின் இடது அப்படியே. திரும்ப மருந்து, திரும்பச் சோதனை, மாற்றம் இல்லை. உள்ளே தழும்பு கட்டிவிட்டது, கையால் அமுக்கிப் பார்த்தால் கல் போலக் கட்டியாக இருக்கும். டொக்டர் சொன்னபடி அந்தக் காம்பைக் கறக்காமல் விட்டு வற்றவைத்தோம். சுட்டி இப்போது மூன்று காம்பு மாடு. நான் ஆறு மாதம் முந்திப் பார்த்திருந்தால் அவளுக்கு நாலும் இருந்திருக்கும்.

அந்த வருடம் ஜூன் மாதம் கச்சான் காற்று தொடங்கியது. கிழக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், மேற்கில் இருந்து வரும் அந்தக் காற்று மத்தியானத்தில் முகத்தைச் சுடும். நான் வெப்பமானி வாங்கி வைத்திருந்தேன். நோய் வந்த மாட்டைப் பார்க்க முந்திச் சுகமான மாட்டை அளந்து பழக வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தபடியால், பத்து நாள் எல்லா மாட்டுக்கும் காலையிலும் மத்தியானத்திலும் பார்த்தேன். வெப்பமானியின் அடியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் உடுப்புக் கொழுவும் கிளிப்பைக் கட்டி, வால் மயிரில் கவ்வ வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாடு முக்கினால் நிலத்தில் விழுந்து உடையும். ஆசனவாய்க்குள் விடும் நுனி குடலின் சுவரில் பட வேண்டும், சாணிக்குள் நின்றால் குறைவாகத்தான் காட்டும். விடிய எல்லாருக்கும் 101, 101.5 பாகை பரனைட். அது சரியான அளவு. மத்தியானம் இரண்டு மணிக்கு ஜேர்சிக் கலப்புகளுக்கு 103க்குக் கிட்ட. காய்ச்சல் இல்லை, சூடு. சாகிவால் கலப்புகள் 102ஐத் தாண்டவில்லை.

மூச்சு எண்ணுவது அதைவிட இலேசு. விலாப் பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினால் சரி. விடிய 30. மத்தியானம் செவலை 78, வாயைக் கொஞ்சம் திறந்து, நாக்கு நுனியில் நீர் வடிய நின்றாள். 60ஐத் தாண்டினாலே மாடு சூட்டில் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். கஷ்டப்படும் மாடு தின்னாது, அசைபோடாது, சினைப்படவும் மாட்டாது. என் கொட்டில் கூரை தகரம். தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்து, மேற்குப் பக்கம் சாக்குத் தட்டி கட்டி, மத்தியானத்தில் இரண்டு தரம் தண்ணீர் தெளித்தேன். அதோடு தண்ணீர். அதுவரை நாளுக்கு மூன்று தரம் வாளியில் வைத்தேன். ஒரு லீற்றர் பாலுக்கு மாட்டுக்கு மூன்று நாலு லீற்றர் தண்ணீர் வேண்டும். கச்சானில் அதைவிடக் கூட. சீமெந்துத் தொட்டி கட்டி எந்நேரமும் நிரம்பியிருக்க வைத்த கிழமையே கேனில் நாலு லீற்றர் கூடியது. கொப்பியில் இருக்கிறது, நான் கூட்டிச் சொல்லவில்லை.

எண்ணவும் அளக்கவும் டொக்டரிடம் படித்தேன். பார்க்கப் படித்தது சித்தப்பாவிடம்.

சித்தப்பாவின் பட்டியில் 2022 மார்கழி வரைக்கும் 63 மாடு. மண்டூஸ் புயல் வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஒரே இரவில் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தது பலருக்கும் நினைவிருக்கும். பெரும்போகம் விதைத்த காலம், மேய வயல் இல்லை, பட்டி வெட்டையில் மழையில் நின்றது. சித்தப்பாவுக்கு 11 மாடு போனது. விடிய வரம்போடு வரம்பாக அவர் ஒவ்வொன்றின் தலையையும் தொட்டுக்கொண்டு போனதை நான் கண்டேன். போனதில் ஐந்து கன்று, நாலு மெலிந்த கிழட்டுப் பசு, இரண்டு அப்போதுதான் கன்று போட்டவை. கொழுப்பு உள்ள மாடு குளிரைத் தாங்கியது. "இதுகள் மெலிஞ்சதை நான் கண்டனான் பிள்ளை, கண்டும் பேசாம இருந்திட்டன்" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ஒவ்வொரு மாட்டின் இடுப்புக்கு முன்னால் உள்ள குட்டை விலா எலும்பில் கையை வைத்து அமுக்கிப் பார்க்கிறேன். எலும்பு கூராகக் குத்தினால் மெலிவு. கொஞ்சம் அமுக்கினால்தான் தெரியும் என்றால் சரி. அமுக்கியும் தெரியாவிட்டால் கொழுப்பு, அதுவும் கன்று போடும் நேரத்தில் ஆபத்து. ஒன்றில் இருந்து ஐந்து வரைக்கும் புள்ளி போட்டு எழுதுவேன். கன்று போடப்போகும் மாடு மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும்.

சித்தப்பா கொட்டிலுக்கு வந்தால் உடனே உள்ளே வரமாட்டார். வெளியில் வேம்படியில் நின்று கால் மணி நேரம் பார்ப்பார். "படுத்திருக்கிறதில எது அசைபோடேல்ல எண்டு பாருங்க பிள்ளை" என்பார். சுகமான மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும், ஒரு கவளத்தை ஐம்பது அறுபது தரம் மெல்லும். பிறகு காது. காது தொங்கினாலும், தொட்டுக் குளிர்ந்தாலும் அவர் நெற்றி சுருங்கும். பிறகு சாணி, களி பதத்தில் வட்டமாக விழுந்து நடுவில் குழி இருந்தால் சரி. இடது பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அமுக்கி வைத்தால் இரைப்பை புரள்வது தெரியும். கடல் அலை வந்து கையைத் தூக்கிவிட்டுப் போவது போல, இரண்டு நிமிடத்துக்கு இரண்டு மூன்று தரம். இதை மூன்றாம் நாளே என் மகளும் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காது பார்க்கும் பழக்கம் 2024 மாசியில் வெள்ளச்சியைக் காப்பாற்றியது. நாலாம் கன்று. பொழுது படக் கன்று போட்டாள், இளங்கொடியும் நேரத்துக்கு விழுந்தது. கன்றுக்குப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் கடும்புப் பால் வயிறு நிறையக் கொடுத்தோம். அந்தப் பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரம்தான் முழுதாக உறிஞ்சும், ஒரு நாள் போனால் கதவு சாத்தின மாதிரி. எல்லாம் நன்றாக நடந்தது என்று படுத்தேன். மறுநாள் இரவு இரண்டு மணிக்கு ரோச் லைட்டோடு போய்ப் பார்த்தபோது வெள்ளச்சி படுத்திருந்தாள், கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாத்தியிருந்தாள். நித்திரை மாதிரித்தான் தெரிந்தது. காதைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. வெப்பமானி 99.5. தட்டி எழுப்பினால் எழும்ப முடியவில்லை.

மாமி இஞ்சியும் மிளகும் தட்டிக் கசாயம் வைக்க அடுப்பை மூட்டினார். அவருடைய கையால் எத்தனையோ மாடு எழும்பியிருக்கிறது, ஆனால் இந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். விழுங்கும் தசையும் சோர்ந்து கிடக்கும், ஊற்றியது நுரையீரலுக்குள் போகும். மாமியிடம் கெஞ்சித்தான் நிறுத்தினேன். வைக்கோல் திணித்த சாக்கு மூன்றை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, அவளை நெஞ்சில் நிமிர்ந்து படுக்க வைத்தோம். பக்கவாட்டில் சரிந்தால் வயிறு ஊதிவிடும்.

டொக்டர் நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். கல்சியப் போத்தலை வெந்நீர் வாளியில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தார். கழுத்து நரம்பில் ஊசி. மற்றக் கையால் இதயத் துடிப்புக் கேட்கும் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே துளித்துளியாக விட்டார். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும், அதனால் இதை நீங்கள் ஒருநாளும் செய்யாதீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். போத்தல் பாதி இறங்கும்போது வெள்ளச்சியின் தோள் தசை நடுங்கத் தொடங்கியது. பிறகு ஒரு பெரிய ஏப்பம். பிறகு சாணி போட்டாள். காய்ந்திருந்த மூக்கில் பனித்துளி மாதிரி நீர் அரும்பியது. ஐந்து மணி இருக்கும், முன்காலை ஊன்றி, பின்காலைத் தூக்கி, எழும்பி நின்று கன்றைப் பார்த்துக் கத்தினாள். மாமி அழுதுவிட்டார். நானும்தான்.

பால் காய்ச்சல் என்று பேர், ஆனால் உடம்பு குளிரும். கன்று போட்டதும் மடி திடீரென்று நிறையக் கல்சியத்தை இழுக்கும். எலும்பில் இருந்து எடுத்துக் கொடுக்க உடம்புக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியில் இரத்தத்தில் கல்சியம் விழுந்து தசையெல்லாம் சோரும். மூன்றாம் கன்றுக்குப் பிறகு, பாலும் கூடுதலாய் இருந்தால், இது வரும் வாய்ப்புக் கூட. இதில் என் பிழையும் உண்டு. சினை மாடுதானே என்று கடைசி மாதம் முழுக்கக் கிளிரிசீடியாக் குழையும் அகத்தியும் தாதுப்பொடியும் அள்ளி அள்ளி வைத்தேன். கல்சியம் நிறையக் கிடைத்ததால் எலும்பில் இருந்து எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிட்டது. கன்று போட்ட அன்றே மடியை ஒட்டக் கறந்ததும் பிழை. இப்போது கடைசி மூன்று கிழமை கினிப் புல்லும் வைக்கோலும் தவிடும்தான், குழையும் தாதுப்பொடியும் கன்று போட்ட பிறகு. முதல் இரண்டு நாள் கன்றுக்கு வேண்டியதையும் கொஞ்சத்தையும் மட்டும் கறப்பேன். அதன் பிறகு கறுப்பியும் மயிலையும் கன்று போட்டார்கள், ஒருத்தியும் விழவில்லை. இரண்டு மாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன், ஆனால் அந்த இரண்டு இரவும் நான் தூங்கினேன்.

தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில். காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தொண்டை அடைப்பானுக்கு மாரி தொடங்கும் முன், கன்றுக்கு மூன்றாம் கிழமைக்குள் முதல் பூச்சி மருந்து. திகதி வந்தால் நானே அலுவலகத்துக்குப் போய்க் கேட்பேன், அவர்கள் வரும் வரை காத்திருப்பதில்லை. புது மாடு வாங்கினால் மூன்று கிழமை தனியே கட்டுவேன். காது மடலுக்குள்ளும் வாலடியிலும் உண்ணி பார்ப்பது மகளுடைய சனிக்கிழமை வேலை. உண்ணிக் காய்ச்சலில் சிறுநீர் தேயிலைச் சாயம் போல வந்தால் அன்றைக்கே டொக்டர்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கரு விழுந்தால், இளங்கொடி தங்கினால் வெறுங்கையால் தொடாதீர்கள். புரூசெல்லா என்ற கிருமி இருந்தால் அது மனிதருக்கும் வந்து மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் கொடுக்கும். கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையையாவது கையில் கட்டுங்கள், விழுந்ததை ஆழமாகப் புதையுங்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

கொப்பி இப்போது மூன்றாவது. மாதம் ஒருமுறை பலகைச் சோதனை நடக்கிறது. போன மாதம் சுட்டியின் பின் வலது திரும்பவும் இலேசாகத் தடித்தது, அதனால் அவள் இன்னும் கடைசியாகத்தான் நிற்கிறாள். கார்த்திகையில் பால் வற்ற விடும்போது மருந்து ஏற்றுவதாக முடிவு.

பூரணி இன்று பெரிய பசு. இரண்டு கன்று கண்டுவிட்டாள். இந்த முறை சினை ஊசி போட்டு நாளையோடு 21 நாள், சினை பிடிக்காவிட்டால் திரும்பப் பருவம் வரும் நாள். கொப்பியில் அந்தத் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறேன். விடிய ஐந்துக்கும் பின்னேரம் ஐந்துக்கும் வேம்படியில் போய் நின்று, கத்துகிறாளா, மற்றதின் மேல் ஏறுகிறாளா, வாலடியில் வழும்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.